மருந்து ஒன்று, வடிவம் வேறு: மக்காச்சோளப் படைப்புழுவை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அதே மருந்துதான், பக்கத்து வயலில் கேட்டது, என் வயலில் கேட்கவில்லை" என்ற குறையை, படைப்புழு வந்த நாள் முதல் மக்காச்சோள விவசாயிகளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இரண்டு குப்பிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் பல நேரங்களில் வேறாக இருக்கின்றன. அவையும் ஒன்றாக இருந்தால், கலந்த தண்ணீரோ தெளித்த நேரமோ புழுவின் வயதோ வேறாக இருக்கும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் மக்காச்சோளத்தை வைத்தே எழுதப்பட்டவை. நெல்லும் முட்டைக்கோஸும் ஒப்பிடுவதற்காக இடையிடையே வருகின்றன.

மருந்தின் பெயருக்குப் பின்னால் உள்ள எண்ணும் எழுத்தும் எதைச் சொல்கின்றன?

எண், அந்தத் தயாரிப்பில் புழுவைக் கொல்லும் வீரியப்பொருள் எத்தனை விழுக்காடு உள்ளது என்பதைச் சொல்கிறது. எழுத்து, அந்த வீரியப்பொருள் எந்த வடிவில் அடைக்கப்பட்டுள்ளது என்பதைச் சொல்கிறது. ஈ.சி. என்றால் தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் குழம்பு மருந்து, டபிள்யூ.பி. என்றால் நனையும் தூள், எஸ்.ஜி. என்றால் தண்ணீரில் கரையும் குருணை, டபிள்யூ.ஜி. என்றால் கரையாமல் தண்ணீரில் பிரிந்து பரவும் குருணை, எஸ்.சி. என்றால் நுண்ணிய துகள்கள் நீரில் மிதக்கும் கெட்டித் திரவம், ஜி.ஆர். என்றால் நேரடியாக வயலில் இடும் குருணை, எஃப்.எஸ். என்றால் விதை நேர்த்திக்கானது, சி.எஸ். என்றால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளுக்குள் மருந்தை அடைத்தது. கடையில் நாம் பெயரை மட்டும் சொல்லிக் கேட்கிறோம், கடைக்காரர் கையிருப்பில் உள்ள வடிவத்தை எடுத்துத் தருகிறார். குழப்பம் பெரும்பாலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வீரியப்பொருள் ஒன்றே என்றால், வடிவம் மாறுவதால் புழுவுக்கு என்ன வேறுபாடு?

அசுவினி, தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகள் செடிக்குள் ஓடும் சாற்றோடு மருந்தையும் குடித்துவிடும். புழு அப்படியல்ல, அது கடித்துத் தின்கிறது. எனவே புழுவுக்கான மருந்து, அது அடுத்த கடி கடிக்கப்போகும் இடத்தில் இருக்க வேண்டும், அல்லது அது ஊர்ந்து செல்லும் வழியில் அதன் உடலில் பட வேண்டும். இலையின் மெழுகுப் பூச்சைத் தாண்டி உள்ளே இறங்குவதா, மேலேயே படிந்திருப்பதா, வெயிலில் எத்தனை மணி நேரம் தாங்குவது, மழையில் கழுவிப் போகுமா, குருத்துக்குள் வழிந்து இறங்குமா என்பவற்றையெல்லாம் வீரியப்பொருளின் இயல்போடு சேர்ந்து வடிவமும் தீர்மானிக்கிறது. ஆய்வகத்தில் ஒரு துளியை நேரடியாகப் புழுவின் முதுகில் வைத்தால் இரு வடிவங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் கொல்லக்கூடும்; வயலில் அந்தத் துளியைப் புழுவிடம் கொண்டு சேர்ப்பதில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

மக்காச்சோளப் படைப்புழுவுக்கு எந்த வடிவம் பொருத்தமானது?

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் புழு 2016 இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காவிலும் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்தது. இதற்கு வடிவத்தைத் தேர்வு செய்யுமுன் அது எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் புழு தன் வாழ்நாளில் இரண்டு வேறு இடங்களில் வாழ்கிறது.

முட்டைக் குவியலிலிருந்து வெளிவரும் சிறு புழுக்கள் முதல் சில நாட்களுக்கு இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்னும். இலையில் வெள்ளைக் காகிதம்போன்ற சன்னல்கள் தெரியும். அப்போது புழு வெளியில்தான் இருக்கிறது, உடலும் மென்மையானது. இந்தக் கட்டத்தில் வேப்பங்கொட்டைச் சாறோ, வேம்பின் வீரியப்பொருளான அசாடிராக்டின் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) குழம்பு மருந்தோ லிட்டருக்கு 5 மில்லி அளவில் தெளித்தாலே நல்ல பலன் கிடைக்கும். மூன்றாம் பருவத்துக்கு மேல் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட வளர்ச்சிக் கட்டமே பருவம்) புழு குருத்துக்குள் இறங்கிவிடுகிறது. மரத்தூள் போன்ற அதன் எச்சம் குருத்தின் வாயை அடைத்துக்கொண்டு மூடிபோல் நிற்கும். இலைமேல் எவ்வளவு மருந்து படிந்தாலும் மூடிக்குக் கீழே இருக்கும் புழுவுக்கு அது எட்டாது.

ஆறு பருவங்களைக் கொண்ட இந்தப் புழு, தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. ஆகவே சேதம் கண்ணில் பெரிதாகத் தெரியும் நாளில் மருந்து சேர்வதற்கான வழி ஏற்கெனவே அடைபட்டுவிட்டது என்று கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில், அதாவது குருத்துக்குள் இறங்கத் தொடங்கிய நிலையில், எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம், குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. லிட்டருக்கு 0.4 மில்லி, ஸ்பைனிடோரம் 11.7 எஸ்.சி. லிட்டருக்கு 0.5 மில்லி ஆகியவற்றில் ஒன்றைப் பரிந்துரைக்கிறார்கள். மூன்றுமே தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வடிவங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குருத்தில் நிறைய நீர் தேங்கி வழிந்து இறங்கும்படி கைத்தெளிப்பானின் முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்துத் தெளித்தால் இவை நன்றாகக் கேட்கும். வயலின் மேல் புகைபோல் பறக்கும்படி விசைத்தெளிப்பானை வீசிக்கொண்டு போனால், அதே மருந்து விரிந்த இலைகளில் படிந்து அங்கேயே நின்றுவிடும்.

எமாமெக்டின் 5 எஸ்.ஜி. கிடைக்கவில்லை, 1.9 ஈ.சி. கொடுத்தார்கள். அதே அளவில் கலக்கலாமா?

கூடாது. கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 0.4 கிராம் 5 எஸ்.ஜி. என்றால் தண்ணீரில் சேரும் வீரியப்பொருள் 20 மில்லிகிராம். அதே 0.4 மில்லி அளவில் 1.9 ஈ.சி.யைக் கலந்தால் சேர்வது 8 மில்லிகிராமுக்கும் குறைவு. புழு சாகாது, அரைகுறை மருந்தைத் தின்று தப்பிய புழுக்களின் சந்ததி அடுத்த முறை அதே மருந்தை இன்னும் எளிதாகத் தாங்கும். அளவைத் தானாகக் கணக்கிட்டு ஏற்றிக்கொள்வதும் சரியான வழியல்ல, ஏனென்றால் ஈ.சி.யில் மருந்தோடு கரைப்பானும் குழம்பாக்கியும் சேர்ந்தே இலைமேல் போகின்றன. அவை கூடினால் இலை கருகும். எந்த வடிவத்தை வாங்குகிறீர்களோ அந்த வடிவத்தின் சீட்டில், உங்கள் பயிருக்கு என்ன அளவு அச்சிடப்பட்டுள்ளதோ அதுவே அளவு. உங்கள் பயிரின் பெயரே அந்தச் சீட்டில் இல்லையென்றால் அதை வாங்கவேண்டாம்.

எண் மட்டும் மாறி மருந்து மாறாமல் இருப்பதும் உண்டு. குளோரான்ட்ரானிலிப்ரோலைச் சிலர் 18.5 எஸ்.சி. என்றும் சிலர் 20 எஸ்.சி. என்றும் சொல்வார்கள். முன்னது எடைக்கு எடை கணக்கு, பின்னது ஒரு லிட்டரில் 200 கிராம் என்ற கணக்கு, திரவம் ஒன்றேதான். இந்தியாவில் இதன் காப்புரிமை 2022 ஆகஸ்டில் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் இதைப் பல பெயர்களில் விற்கின்றன. ஆகவே பெயரைவிட, சீட்டில் உள்ள வீரியப்பொருளையும் வடிவத்தையும் படிப்பதே நல்லது.

எஸ்.சி. மருந்துக் குப்பியின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் கெட்டுப்போகவில்லை, ஆனால் அப்படியே மேலாக ஊற்றினால் கெட்டுப்போனதற்குச் சமம். குளோரான்ட்ரானிலிப்ரோல் தண்ணீரில் கரைவது லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான். நாம் தெளிக்கும் கலவையிலோ லிட்டருக்கு 80 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது தெளிப்பானுக்குள் இருக்கும் மருந்தில் மிகப் பெரும் பகுதி கரையாத நுண்துகளாக மிதந்துகொண்டிருக்கிறது. குப்பியில் அந்தத் துகள்கள் காலப்போக்கில் அடியில் இறங்குவது இயற்கை. குப்பியை நன்றாகக் குலுக்காமல் மேல் திரவத்தை மட்டும் எடுத்தவருக்கு முதல் பத்து டேங்க் வீரியம் குறைந்தும், கடைசி இரண்டு டேங்க் வீரியம் மிகுந்தும் போயிருக்கும். வயலின் ஒரு பாதி கேட்டு மறு பாதி கேட்காமல் போனதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது குலுக்கினீர்களா என்பதைத்தான். கலந்த பிறகு சாப்பிடப் போய்விட்டு வந்து தெளிப்பதாக இருந்தாலும் தெளிப்பானை மீண்டும் ஆட்டிவிட வேண்டும்.

குலுக்கியும் கரையாத கட்டியாக அடியில் இறுகியிருந்தால், அல்லது காலாவதி நாள் கடந்திருந்தால், அதைப் பயன்படுத்தக் கூடாது.

குழம்பு மருந்துதான் வேகமாகக் கொல்கிறது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. ஈ.சி.யில் வீரியப்பொருள் ஏற்கெனவே எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைந்திருக்கிறது. அது இலையின் மெழுகையும் புழுவின் தோலையும் எளிதாக ஊடுருவும். லாம்ப்டா சைஹாலோத்ரின் போன்ற தொடு நஞ்சுகளின் ஈ.சி. வடிவத்தைத் தெளித்தால், வெளியில் இருக்கும் புழு சிறிது நேரத்திலேயே துடித்து விழுவதைப் பார்க்கலாம். அதே மருந்தின் சி.எஸ். வடிவத்தில் நுண்ணுறையைக் கடந்து மருந்து மெல்ல வெளிவருவதால் முதல் நாள் வேகம் குறைவாகவும், தங்கி நிற்கும் காலம் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும்; தெளிப்பவரின் தோலில் எரிச்சலும் குறைவு.

ஆனால் துடித்து விழுவதையே மருந்தின் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்வது நம்மிடம் ஆழமாகப் பதிந்துவிட்ட பழக்கம், அது நமக்கு நிறைய செலவு வைத்திருக்கிறது. எமாமெக்டினைத் தின்ற புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிட்டு, இரண்டு முதல் நான்கு நாட்களில்தான் சாகும். குளோரான்ட்ரானிலிப்ரோல் புழுவின் தசைகளில் சுண்ணச்சத்தைக் கட்டுப்பாடின்றி வெளியேற்றி, தசையைச் செயலிழக்க வைக்கிறது. வாய் அசையாது, ஆனால் உடலில் உயிர் இருக்கும். தெளித்த மறுநாள் குருத்தைப் பிரித்துப் பார்த்து, "புழு உயிரோடு இருக்கிறது" என்று இரண்டாவது மருந்தை வாங்க ஓடுபவர், ஏற்கெனவே பட்டினியில் கிடக்கும் புழுவுக்கு மறுபடியும் செலவு செய்கிறார்.

குழம்பு மருந்துக்கு இன்னொரு குறையும் உண்டு. உச்சி வெயிலில் தெளித்தால் கரைப்பானால் இளம் இலை கருகும். அதே கரைப்பான் தெளிப்பவரின் தோல் வழியாகவும் மருந்தை உள்ளே கொண்டுபோகும்.

நனையும் தூள் பழைய முறையா?

பழையதுதான், பயனற்றதல்ல. விலை குறைவு, இலையைக் கருக்காது. ஆனால் அளக்கும்போது தூசியாகப் பறந்து மூக்கில் ஏறும், தண்ணீரில் நேரடியாகக் கொட்டினால் கட்டி பிடிக்கும், நாசிலை அடைக்கும். முதலில் சிறிது தண்ணீரில் பசையாகக் குழைத்துவிட்டுப் பிறகு டேங்கில் ஊற்ற வேண்டும்.

முட்டைக்கோஸ் இலையில் மருந்து முத்து முத்தாக உருண்டு விழுகிறது. என்ன செய்வது?

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளில் அடர்ந்த மெழுகுப் பூச்சு இருக்கிறது. எஸ்.சி., டபிள்யூ.பி. போன்ற நீர் சார்ந்த வடிவங்கள் தனியாகத் தெளிக்கப்பட்டால், தாமரை இலைத் தண்ணீர்போல் ஒட்டாமல் ஓடிவிடும். இவற்றோடு சீட்டில் சொன்ன அளவில் ஒட்டும் திரவம் சேர்ப்பது கட்டாயம் என்றே சொல்வேன். குழம்பு மருந்தில் குழம்பாக்கியே ஓரளவு அந்த வேலையைச் செய்துவிடுவதால், அதற்கு மேலும் ஒட்டும் திரவத்தை அள்ளிக் கொட்டினால் இலையில் நிற்க வேண்டிய மருந்து வழிந்து தரையில் போய்ச் சேரும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு இலையின் அடிப்பக்கத்தில் இருப்பது வழக்கம் என்பதால் நாசிலைக் கீழிருந்து மேலாகத் திருப்பித் தெளிப்பதும் அவசியம்.

மக்காச்சோளத்திலும் இது ஓரளவு பொருந்தும். முளைத்து வரும் முதல் ஐந்தாறு இலைகளில் மெழுகு அதிகம். அதற்குப் பிறகு வரும் இலைகள் எளிதில் நனையும். இளம் பயிருக்கு ஒட்டும் திரவம் தேவைப்படுவதும் வளர்ந்த பயிருக்கு அவ்வளவு தேவைப்படாததும் இதனால்தான்.

குருணை மருந்து புழுவுக்குக் கேட்குமா?

பயிரையும் புழுவையும் பொறுத்தது. நெல்லில் தண்டுத்துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் குளோரான்ட்ரானிலிப்ரோல் 0.4 ஜி.ஆர். ஏக்கருக்கு 4 கிலோ இடப்படுகிறது. வேர் அதை உறிஞ்சி நீரோட்டத்தோடு மேலே ஏற்றுகிறது. தண்டைத் துளைத்து உள்ளே போகும் புழு அதைத் தின்று சாகிறது. 4 கிலோ குருணையில் உள்ள வீரியப்பொருள் 16 கிராம். அதே நெல்லுக்கு அதே மருந்தின் 18.5 எஸ்.சி.யை இலைவழியாகத் தெளித்தால் ஏக்கருக்கு 60 மில்லி, அதாவது 12 கிராம் போதும். வேர் வழியாகச் சுற்றிப் போவதற்கான கூலி அந்த 4 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, மழையில் கழுவிப்போகாத பாதுகாப்பும், தெளிப்பான் தூக்க வேண்டாத வசதியும் கிடைக்கின்றன. ஆனால் வயலில் சிறிதளவு தண்ணீர் நின்று, இட்ட பிறகு சில நாட்களுக்கு வடிக்காமல் இருந்தால்தான் இது நடக்கும். காய்ந்த வயலில் இட்ட குருணை மண்மேல் கிடக்கும். மடை திறந்த வயலில் இட்டது அடுத்தவர் வயலுக்குப் போகும்.

இலைச்சுருட்டுப்புழு ஏற்கெனவே இலையைச் சுருட்டி உள்ளே தின்றுகொண்டிருக்கும்போது குருணை இடுவது தாமதமான வேலை. வேர் வழியாக மருந்து மேலேறும் நாட்களுக்குள் இலை வெளுத்துவிடும். அப்போது தெளிப்பே சரி.

மக்காச்சோளத்தில் குருணையை மணலோடு கலந்து குருத்தில் இடும் பழக்கம் படைப்புழுவுக்கு முன்பே, தண்டுத்துளைப்பானுக்காக இருந்தது. மருந்தைப் புழு இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும் அந்த எண்ணம் மிகச் சரியானது. ஆனால் அன்று பயன்படுத்திய குருணைகளில் சில மிகுந்த நச்சுத்தன்மை கொண்டவை, வெறுங்கையால் தூவப்பட்டவை. அதே வேலையை இன்று கீழே சொல்லும் நச்சு உணவு செய்கிறது.

நச்சு உணவு என்பது என்ன? அதுவும் ஒரு மருந்து வடிவமா?

ஆம், விவசாயி தன் வீட்டில் தயாரிக்கும் வடிவம். 10 கிலோ அரிசித் தவிட்டோடு 2 கிலோ வெல்லத்தை 2 முதல் 3 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பிசைந்து 24 மணி நேரம் புளிக்க விட்டு, வயலில் இடுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பு 100 கிராம் தையோடிகார்ப் கலந்து, சிறு உருண்டைகளாகக் குருத்தில் இடுவார்கள். ஐந்தாம், ஆறாம் பருவத்துப் புழுக்கள் எச்ச மூடிக்குக் கீழே இருப்பதால் தெளிப்பு அவற்றை எட்டுவதில்லை. புளித்த வெல்லத்தின் மணமோ அவற்றை மேலே இழுத்து வருகிறது. மருந்து புழுவைத் தேடிப் போகாமல் புழு மருந்தைத் தேடி வருகிறது என்பதுதான் இதன் சிறப்பு.

கையுறை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. தவிடும் வெல்லமும் ஆடு மாடுகளுக்கும் கோழிகளுக்கும் பிடித்தவை என்பதால், இட்ட வயலில் அவற்றை விடவும் கூடாது, மீதியைத் தொழுவத்தின் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

பி.டி., வைரஸ் கரைசல், வேம்பு ஆகியவை ஏன் சிலருக்குக் கேட்டுச் சிலருக்குக் கேட்பதில்லை?

இந்த மூன்றுக்கும் பொதுவான எதிரி வெயில். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் புரதப் படிகம் புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில் கரைந்து, குடல் சுவரைப் பொத்தலாக்குகிறது. தொட்டால் கொல்லாது, தின்றால்தான் கொல்லும். புழுவுக்கு நோய் உண்டாக்கும் வைரஸைக் கொண்ட கரைசலும் அப்படியே. அசாடிராக்டின் புழுவின் பசியைக் கெடுத்துத் தோலுரிப்பைத் தடுக்கிறது. புற ஊதாக் கதிர் மூன்றையும் விரைவில் சிதைத்துவிடும் என்பதால், காலை 9 மணிக்குத் தெளித்தவருக்குப் பாதியும், மாலை 5 மணிக்குத் தெளித்தவருக்கு முழுவதும் கிடைக்கிறது. புழுவும் பெரும்பாலும் இரவில்தான் தின்கிறது. வைரஸ் கரைசலோடு வெல்லமும் டீப்பால் என்ற சோப்புத் திரவமும் சேர்ப்பது சடங்கல்ல: வெல்லம் புழுவைத் தின்னத் தூண்டி, வெயிலிலிருந்தும் சிறிது காக்கிறது; டீப்பால் இலையில் பரவச் செய்கிறது. வேப்பங்கொட்டைச் சாற்றில் காதி சோப்பு சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். வைரஸ் ஒவ்வொரு புழுவுக்கும் தனித்தனி. பச்சைக் காய்ப்புழுவுக்கான வைரஸை நிலக்கடலையின் புகையிலை வெட்டுப்புழுவுக்குத் தெளித்தால் ஒன்றும் நடக்காது. பி.டி.யிலும் வகை உண்டு. முட்டைக்கோஸின் வைரமுதுகுப் புழுவை எளிதாக வீழ்த்தும் குர்ஸ்டாகி வகைக்கு, படைப்புழு இனத்துப் புழுக்கள் அவ்வளவு எளிதில் மடிவதில்லை. முட்டை பொரித்த முதல் சில நாட்களில் மட்டுமே அதை நம்பலாம்.

கிணற்று நீர் உப்பாக இருக்கிறது. மருந்தின் வடிவத்துக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. கடின நீரில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் குழம்பாக்கியோடு சேர்ந்து குழம்பை உடைத்துவிடும். பால்போல் இருந்த கலவை சிறிது நேரத்தில் மேலே ஆடையும் கீழே தெளிந்த நீருமாகப் பிரியும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குழம்பு மருந்துகளை 342 பிபிஎம் கடினத்தன்மை கொண்ட நீரில் கலந்துதான் சோதிக்கிறார்கள். நம் ஊரில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் அந்த அளவைத் தாண்டுகிறது. தேர்வில் வெற்றி பெற்ற மருந்து நம் தண்ணீரில் தோற்க வாய்ப்பு உண்டு.

காரத்தன்மை வேறொரு சிக்கல். மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் கார நீரில் விரைவாகச் சிதையும். எமாமெக்டின் கார நீரில் கரைவது பெருமளவு குறைந்துவிடும். ஆற்று நீரோ, மழை நீரோ, வாய்க்கால் தெளிநீரோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் கலந்த உடனே தெளித்து முடியுங்கள், இரவு முழுவதும் டேங்கில் வைத்திருக்காதீர்கள். சேற்று நீர் எந்த வடிவத்துக்கும் ஆகாது, களிமண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டு மருந்துகளைக் கலந்து தெளிக்கலாமா? எதை முதலில் ஊற்றுவது?

இயன்றவரை கலக்க வேண்டாம். கலக்கத்தான் வேண்டும் என்றால், டேங்கில் பாதித் தண்ணீர் ஊற்றி, முதலில் தூளும் குருணையும், அடுத்து எஸ்.சி., அதன்பின் குழம்பு மருந்து, கடைசியில் ஒட்டும் திரவம் என்ற வரிசையில், ஒவ்வொன்றையும் கலக்கிய பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். குழம்பு மருந்தை முதலில் ஊற்றினால், பின்னர் வரும் தூளை எண்ணெய் பூசிக்கொண்டு கட்டியாக்கும். முன்னதாக ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிதளவு கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். திரிந்தாலோ, படிந்தாலோ, புட்டி சூடானாலோ அந்தக் கலவை வேண்டாம்.

நிறுவனமே கலந்து தரும் தயாரிப்புகளிலும் கவனம் தேவை. தையமீதாக்சாம் 12.6 விழுக்காடும் லாம்ப்டா சைஹாலோத்ரின் 9.5 விழுக்காடும் கலந்த இசட்.சி. (எஸ்.சி.யும் சி.எஸ்.ஸும் சேர்ந்த) வடிவத்தில், புழுவைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவதே. முதலாவது சாறு உறிஞ்சிகளுக்கானது.

விதை நேர்த்தி செய்தால் புழுவுக்குத் தெளிக்க வேண்டாமா?

சையான்ட்ரானிலிப்ரோல், தையமீதாக்சாம் இரண்டும் தலா 19.8 விழுக்காடு கலந்த எஃப்.எஸ். வடிவம் மக்காச்சோள விதைக்குக் கிடைக்கிறது. முளைத்த இரண்டு, மூன்று வாரங்களுக்குக் காப்பு தரும். செடி வளர வளர விதையில் இருந்த அதே மருந்து நீர்த்துப்போவதால், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ட்ரோன் மூலம் தெளித்தால் அதே வடிவங்கள் சரிவருமா?

கைத்தெளிப்பில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் போகிறது, ட்ரோனில் ஏறத்தாழ 10 லிட்டர்தான். மக்காச்சோளத்துக்குக் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. ஏக்கருக்கு 80 மில்லி என்பது மாறாது என்பதால் கலவை இருபது மடங்கு கெட்டியாகிறது. எஸ்.சி.யும் கரையும் குருணையும் இதைத் தாங்கும். நனையும் தூள் நாசிலை அடைக்கும். படைப்புழுவுக்கு என் தயக்கம் வேறு: 10 லிட்டரில் குருத்துக்குள் வழிந்து இறங்கும் அளவுக்கு நீர் சேராது. புழு வெளியில் இருக்கும் முதல் கட்டத்தில் ட்ரோன் சரி. குருத்துக்குள் போன பிறகு கைத்தெளிப்பானுக்கு அது ஈடாகாது.

மருந்து கேட்கவில்லை என்றால் அதே மருந்தின் வேறு வடிவத்துக்கு மாறலாமா?

காரணம் தண்ணீரோ, ஒட்டாமையோ, தெளித்த முறையோ என்றால் மாறிப் பார்க்கலாம். புழு அந்த வீரியப்பொருளுக்கே எதிர்ப்புத் திறன் பெற்றிருந்தால், எஸ்.ஜி.யிலிருந்து ஈ.சி.க்கு மாறுவது சட்டையை மாற்றுவது போன்றது. வைரமுதுகு அந்துப்பூச்சி டி.டி.டி.க்கு எதிர்ப்புப் பெற்றது ஜாவாத் தீவில் 1953 இலேயே பதிவாகிவிட்டது. அதன் பிறகு வந்த ஏராளமான மருந்துகளையும் அது வென்றிருக்கிறது. மாற்ற வேண்டியது செயல்படும் விதத்தை. செயல்படும் விதத்தின்படி மருந்துகளுக்கு எண் தரும் பன்னாட்டுப் பட்டியலில் குளோரான்ட்ரானிலிப்ரோல் 28 ஆம் பிரிவு, எமாமெக்டின் 6 ஆம் பிரிவு, ஸ்பைனிடோரம் 5 ஆம் பிரிவு. ஒரு பயிர்ப் பருவத்தில் 28 ஐத் தெளித்தால் அடுத்த தெளிப்பு வேறு எண்ணாக இருக்கட்டும். சையான்ட்ரானிலிப்ரோலும் 28 தான். ஆகவே அந்த விதை நேர்த்தி செய்தவர் முதல் தெளிப்புக்கு எமாமெக்டினையோ ஸ்பைனிடோரத்தையோ எடுப்பது நல்லது.

தெளித்தபின் மருந்து கேட்டதா என்பதை எப்போது, எப்படிப் பார்ப்பது?

மூன்றாம் அல்லது நான்காம் நாள் பாருங்கள். வரப்போரத்துச் செடிகளை விட்டுவிட்டு, வயலின் ஐந்து இடங்களில் தலா நான்கு செடிகளின் குருத்தைப் பிரியுங்கள். புழு இருக்கிறதா என்பதைவிட அது தின்கிறதா என்பதே கேள்வி. சுருங்கி, நிறம் மங்கி, தொட்டால் மெல்ல அசையும் புழு இனித் தின்னாது. எச்சத்தையும் பாருங்கள்: காய்ந்து வெளிறிய தூள் பழையது, ஈரமாக, பசுமை கலந்து இருப்பது அன்றைக்கு இட்டது. சந்தேகமாக இருந்தால், அந்தச் செடிகளின் எச்சத்தை ஒரு குச்சியால் தட்டிவிட்டு, செடிக்கு ஒரு துணித்துண்டை அடையாளமாகக் கட்டி வைத்து, மறுநாள் காலை போய்ப் பாருங்கள். குருத்தில் புதிய எச்சம் இருந்தால் மட்டும் கடைக்குப் போகலாம்.